யானைமலை முதல் அரிட்டாபட்டி வரை: மதுரை வரலாற்று நடைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து மேலூர் பஸ்ஸில் ஏறினால் ஒத்தக்கடை நெருங்கும்போது யானைமலை கண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கும். தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானை என்று சொல்லாத ஆள் இல்லை. 2010 வாக்கில் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்று அரசுத் தரப்பில் ஒரு யோசனை கிளம்பியது. ஒத்தக்கடை, நரசிங்கம் பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள், ‘இந்த மலையில் அப்படி என்னதான் இருக்கிறது, போய்ப் பார்ப்போம்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைத்த ‘பசுமை நடை’ அப்படித்தான் தொடங்கியது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மாதம் ஒரு ஞாயிறு காலையில் மக்களைக் கூட்டிப்போய், கல்வெட்டின் முன்னாலேயே நிற்கவைத்து வரலாறு சொல்வதுதான் அவர்கள் வேலை.

உள்ளூர் வரலாற்று அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு, ஒரு மலர், மேடையில் பொன்னாடை என்று பலதும் நின்றுபோகின்றன. மதுரையில் நடந்தது வேறு. ஒரு வரலாற்று நிகழ்ச்சியால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்டால், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மலையடிவாரத்தில் குடியிருப்பவர் அந்த மலையைப் பற்றி அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் பத்திரிகைக்காரரிடமும் தானே பேச முடிகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு யானைமலையிலிருந்து 2025 ஜனவரியில் அரிட்டாபட்டியில் நடந்த டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்பு வரை பார்க்கலாம்.

மலையில் இருப்பது

யானைமலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில், இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி அதைத் தொடங்கினார். பணி முடியும் முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். கல்வெட்டில் கலியாண்டு 3871 என்று இருக்கிறது, அதாவது கி.பி. 770. பக்கத்திலேயே லாடன் கோயில், அது முருகனுக்குரிய குடைவரை. அதே மலையின் மேல் ஒரு பெரும்பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பழைய வண்ணப்பூச்சின் சுவடுகூட இன்னும் தெரியும். அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய கற்படுக்கைகளும் (துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டியவை) தமிழிக் கல்வெட்டும் (தமிழ் பிராமி என்னும் பழைய எழுத்து) வேறு. திருஞானசம்பந்தர் சமணரோடு வாதுக்குப் போகும்போது ‘ஆனைமாமலை ஆதியாய இடங்களில்’ என்று பாடியது இந்த மலையைத்தான். இத்தனையும் ஒரே பாறையில். இதைக் குடைந்து புதிதாகச் சிற்பம் செய்யலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதென்றால், ஏற்கெனவே அங்கே இருப்பது நம் கண்ணில் படாமல் கிடந்தது என்றுதான் பொருள்.

யானைமலை மட்டுமல்ல. சமணர்மலை, கொங்கர்புளியங்குளம், மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், அழகர்மலை, கருங்காலக்குடி என்று மதுரையைச் சுற்றிலும் இப்படிக் குன்றுகள். தமிழ்நாட்டில் இவ்வளவு பழைய எழுத்து இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் வட்டாரம் வேறில்லை என்றே சொல்லலாம். மாங்குளத்துக் கல்வெட்டை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அது தமிழ்தான் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் காட்டினார். அதில் வரும் ‘நெடுஞ்செழியன்’ என்ற பெயரை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1960-களில். ஒரு பாறை வாய் திறக்க எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தச் செய்தி மலையடிவாரத்துக்கு வந்து சேர இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டு.

ஒரு ஞாயிறு காலை

நடையின் அமைப்பு எளிமையானது. விடிகாலையில் நகரத்தில் ஓரிடத்தில் கூடுவார்கள். பைக், கார், வேன் என்று கிடைத்ததில் கிளம்புவார்கள். குழந்தைகள் வருவார்கள், பாட்டிமார் வருவார்கள். மேலே போனதும் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் நின்று விளக்குவார்கள். கையில் ஒரு சிறு தாள், அந்த இடத்தைப் பற்றிய குறிப்போடு. இறங்கி வந்ததும் ஊர் மரத்தடியில் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு. கட்டணம் எதுவும் கிடையாது.

இதில் சாப்பாடு சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. தொல்லியல் பேச்சு முடிந்து நேரே வண்டியேறிப் போய்விட்டால் வந்தவர்கள் சுற்றுலாக்காரர்கள். மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டால் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார், ‘எந்த ஊரு?’ என்பார். அப்புறம் அவர் கதை வரும். மழை பெய்தால் எந்தச் சுனை முதலில் நிறையும், எந்தப் பாறையை எப்போது வெடிவைத்து உடைத்தார்கள், எந்தச் சாமிக்கு எந்த மாதம் பொங்கல் என்றெல்லாம். கல்வெட்டுத் தொகுதிகளில் இல்லாதது இது.

இடத்திலேயே நின்று சொல்வதற்கும் மேடையில் சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு அழகர்மலை நல்ல உதாரணம். கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறினால் பெரிய குகைத்தளம். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க குகையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கே தமிழி எழுத்தில் பெயர்கள்: உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பொன்கொல்லன். ‘மத்திரை’ என்று மதுரையின் பெயரும் வருகிறது. துணி விற்றவரும், கலப்பைக்குக் கொழு விற்றவரும், உப்பு விற்றவரும் சேர்ந்து துறவிகளுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். ராசா கட்டியது, ராணி கொடுத்தது என்றே கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிது. நம் ஊர்க் கடைத்தெருவில் இன்றைக்கும் துணி மடித்துப் போடுகிற ஒருவர் அந்தக் காடிக்குக் கீழே நின்று ‘அறுவை வணிகன்னா ஜவுளிக் கடைக்காரரா?’ என்று கேட்கும்போது, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்ற வெறும் பெருமைக்குப் பதிலாக உரிமை வருகிறது. நடைகளின் பலம் இந்த இடம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கீழக்குயில்குடி

எல்லாக் குன்றிலும் கீழக்குயில்குடிதான் இந்த முயற்சியின் நடுவிடம் என்று சொல்லலாம். சமணர்மலை அடிவாரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுதுவிட்ட பெரிய ஆலமரம். பசுமை நடையின் விருட்சத் திருவிழா நடந்தது இந்த மரத்தடியில்தான்.

படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் எட்டுத் திருமேனிகள். பார்சுவநாதர், பாகுபலி எல்லாம் வரிசையாக. கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. ஒன்றில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டு. அச்சணந்தி இந்த வட்டாரத்து மலை பலவற்றில் பெயர் உள்ள துறவி. அவருடைய அம்மாவின் பெயர் நமக்குத் தெரிகிறது, அதுவும் இப்படிப் பாறையில் தெரிகிறது என்பது எத்தனை தடவை கேட்டாலும் மனதைத் தொடும். சூரியன் சாய்வாக விழும் நேரத்தில்தான் எழுத்து எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் வெறும் பாறை. இறங்கும் வழியில் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர், நீண்ட காது. ஊரார் அவரைச் செட்டியார் என்பார்கள். உள்ளே சிங்கத்தின் மேல் ஏறி வில் வளைக்கும் இயக்கி (சமணப் பெண் தெய்வம்), எதிரே யானைமேல் வருகிறவனோடு சண்டை. வழிகாட்டுகிறவர்கள் சிலர் எடுத்த எடுப்பில் ‘இது செட்டியார் இல்லை’ என்று திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அது தேவையில்லை என்பது என் எண்ணம். மற்ற குன்றுகளில் கற்படுக்கையைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள், அதுவும் அப்படித்தான். ஊர் தன் பெயரில் அந்தச் சிலையை வைத்துக்கொண்டதால்தான் இத்தனை நூறாண்டு உடைபடாமல் நிற்கிறது. இரண்டையும் சொல்லலாம்: முதலில் ஊர்க்கதை, அப்புறம் கல்வெட்டு.

கீழக்குயில்குடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், நடைகளில் போதுமான அழுத்தத்தோடு சொல்லப்படாதது. சில சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாகக் கருதிய ஆங்கிலேயரின் குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் பிறமலைக்கள்ளர் மீது முதலில் பாய்ந்தது 1914-இல், இந்த ஊரில்தான். ‘ரேகைச் சட்டம்’ என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆண்கள் கைநாட்டு வைத்து, இரவில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் எல்லை தாண்ட முடியாது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது 1947-இல். அதன் தொடர்ச்சியாக வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றைக்கும் நடக்கின்றன.

நகரத்திலிருந்து வருகிறவர் ஒன்பதாம் நூற்றாண்டைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறார். அவருக்குச் சாப்பாடு பரிமாறும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவரின் தாத்தா காவல் நிலையத்தில் ரேகை வைத்தவர். அந்த வரலாறும் அதே மரத்தடியில் சொல்லப்பட வேண்டும். சமண முனிவர்கள் மறைந்து பல நூற்றாண்டு. ரேகைச் சட்டத்தின் நினைவு இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது, அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஒரு உள்ளூர் வரலாற்று அமைப்பு அவசரப்பட வேண்டிய இடம் எது என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். பாறை இன்னும் ஆயிரம் ஆண்டு நிற்கும்.

கல்லில் எழுத்து, கல்லே தொழில்

மேலூர் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வரலாறும் பிழைப்பும் ஒரே கல்லில் இருக்கின்றன. கிரானைட் குவாரிகள் பலருக்குக் கூலி கொடுத்தன. அதே குவாரிகள் கண்மாயையும் வாய்க்காலையும் மூடின, குன்றுகளைத் தின்றன. கீழவளவுப் பஞ்சபாண்டவர் மலையில் ஏறி நின்றால் சுற்றிலும் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். அந்த மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டு தொண்டியைச் சேர்ந்த ஓர் உபாசகர் (இல்லறத்தில் இருக்கும் அடியார்) பள்ளி, அதாவது துறவிகள் தங்குமிடம், செய்து கொடுத்ததைச் சொல்கிறது. பாண்டி நாட்டுத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டு மலைக்கு ஒருவர் வந்து கொடை கொடுத்திருக்கிறார். 2012-இல் கிரானைட் முறைகேடு பெரிதாக வெடித்தது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை இதை விசாரிக்கும் சட்ட ஆணையராக நியமித்தது. அவர் 2015-இல் அறிக்கை கொடுத்தார்.

சட்டத்தில் பாதுகாப்பு இல்லையா என்றால், இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாடு. 2010-இல் வந்த திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மலை என்பது 300 மீட்டரில் முடிகிற பொருளா? சுனைக்கு வருகிற தண்ணீர், கீழே இருக்கிற கண்மாய், மேய்ச்சல் நிலம், எல்லாம் சேர்ந்ததுதான் மலை. மீதியைக் காப்பது தொல்லியல் துறையின் நீலப் பலகையால் ஆகிற காரியம் இல்லை.

அரிட்டாபட்டி

அரிட்டாபட்டி இந்த ஆய்வின் முக்கியமான சோதனை. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். கழிஞ்சமலையில் கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியர் குடைவரைச் சிவன் கோயில்; அதில் சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் இலகுலீசர் சிற்பம், தமிழ்நாட்டில் அரிதாகக் காணக்கூடியது. கற்படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. இரண்டாவது கல்வெட்டு 2003-இல்தான் கண்டறியப்பட்டது. தீர்த்தங்கரர் சிற்பமும் உண்டு. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்பது அரசுக் கணக்கு.

டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு வருவதற்கு முன்பே கிரானைட் குவாரி முயற்சியை எதிர்த்து நின்ற ஊர் இது. அதோடு மலை ஏறியவர்கள், பறவை பார்த்தவர்கள், கல்வெட்டு படித்தவர்கள், ஊர்ச் சங்கத்தார் எல்லோரும் பல ஆண்டு திரும்பத் திரும்ப வந்து எழுதிவைத்தார்கள். அதன் பலனாக 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரம் என்பது மாங்குளத்து நெடுஞ்செழியன் கல்வெட்டு இருக்கும் மலை உள்ள ஊர். பறவையும் கல்வெட்டும் ஒரே அரசாணையில் வந்தது தற்செயல் இல்லை. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துப் பழகிய ஆட்கள் பின்னால் இருந்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிம வட்டாரம் ஏலம் போனதாக மத்திய சுரங்க அமைச்சகத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலத்தின் பகுதியும் அதற்குள். நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம். டிசம்பர் 9-இல் சட்டமன்றத்தில் ஒருமனதான தீர்மானம். 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி ஊர் ஊராக மக்கள் நடந்து வந்தார்கள். மேலூர் கடைகள் அடைத்துக்கிடந்தன. ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதற்கு வரலாற்று நடைகள்தான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். வென்றவர்கள் விவசாயிகள், முல்லைப் பெரியாறு ஒருபோகப் பாசனத்தை நம்பி நிலம் வைத்திருப்பவர்கள், வியாபாரிகள், வீட்டுப் பெண்கள். அவர்கள் நிலத்துக்காக எழுந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த வாரங்களில் தொலைக்காட்சி மைக் முன்னால் நின்று பேசிய ஊர்க்காரர்கள் தண்ணீரையும் சோற்றையும் சொன்ன அதே மூச்சில் குடைவரை, சமணப் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, வல்லூறு என்று சொன்னார்கள். யாரும் எழுதிக் கொடுத்துப் பேசியது மாதிரி இல்லை. 2010-இல் யானைமலைக்காக இதையெல்லாம் வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. 2025-இல் வேண்டியிருக்கவில்லை. ஆவணம் முன்பே தயாராக இருந்தது, அரசாணை இருந்தது, பேசத் தெரிந்த ஊர் இருந்தது. வரலாற்றுக் குழுக்களின் பங்கு போராட்ட நாளில் இல்லை. அதற்கு முந்தைய அமைதியான ஆண்டுகளில் இருக்கிறது.

செய்ய வேண்டியது

வார நாட்களில் இந்தக் குன்றுகளில் ஆளே இல்லை. படுக்கைகளின் மேலேயே பெயின்ட்டில் பெயர் எழுதியிருக்கிறார்கள், பாட்டில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு போய் இதைத் தடுக்க முடியாது. ஊரில் இரண்டு, மூன்று இளைஞர்களுக்கு, பெண்களும் சேர்த்து, முறையான வழிகாட்டிப் பயிற்சியும் அதற்கு ஊதியமும் கொடுக்க வேண்டும். வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது நல்ல கொள்கை; ஆனால் ஊர் வழிகாட்டி இலவசமாக உழைக்க வேண்டும் என்பது அதில் அடங்காது. கீழடியில் விவசாயிகள் தங்கள் தோப்பையும் வயலையும் அகழாய்வுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு அங்கே கூட்டம் வருகிறது. அந்த வருகையில் ஊருக்குக் கிடைப்பது என்ன என்று கேட்க வேண்டிய இடம் அதுவும்தான்.

அப்புறம் பள்ளிக்கூடம். கல்வெட்டு என்றால் பிள்ளைகளுக்கு மைப்படி எடுக்கக் காட்டுவதைவிடச் சிறந்த பாடம் இல்லை. பாதுகாக்கப்பட்ட பாறையில் துறையின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. எழுத்து வெட்டிய ஒரு பலகைக் கல்லைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டால் போதும். கல்லைத் தண்ணீர்விட்டுத் துலக்கி, நனைத்த காகிதத்தை ஒட்டி, கெட்டித் தூரிகையால் மெல்லத் தட்டினால் காகிதம் எழுத்தின் பள்ளத்தில் இறங்கும். அதன்மேல் மையை ஒற்றி எடுத்தால் மேடு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். காகிதத்தை உரித்து எடுக்கிற அந்த நிமிஷத்தில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஊராட்சி. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன் கீழ் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டோடு ஊரின் கல்வெட்டு, நடுகல், சுனை, கண்மாய், சாமி, வாய்மொழி வரலாறு எல்லாவற்றுக்கும் இன்னொரு பதிவேடு சேர்த்து, ரேகைச் சட்டத்தை நேரில் கேட்டு வளர்ந்தவர்களின் வாக்குமூலத்தையும் அதில் எழுதி, கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தை இதற்கென்று எடுத்துக்கொள்ளலாம். எழுத ஆள் இல்லை என்ற பேச்சு வந்தால் நடைக் குழுக்கள் போய் உட்கார வேண்டிய இடம் அந்த ஊராட்சி அலுவலகம். தொடங்குவதற்குக் கீழக்குயில்குடியும் கீழவளவும் சரியான ஊர்கள்.